பொருளுக்குரிய எண்

நுழையும்முன்

ஒரு நாட்டின் எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு பண்டத்திற்கும் ஓர் எண் உண்டு. அப்பண்டத்தின்மீது எவ்வளவு வரி விதிக்கப்படும், அது தடையின்றி நாட்டிற்குள் வரலாமா, அதற்கு உரிமம் வேண்டுமா என்பனவற்றை அந்த எண்ணைக் கொண்டே அறியலாம். வேதிப்பொருள்களுக்கு இவ்வெண்ணைத் தெரிவு செய்ய வேதியியல் அறிவும் சட்ட அறிவும் ஒருங்கே தேவைப்படுகின்றன. கனிம வேதிப்பொருள்களைச் சுங்கத்துறை எவ்வாறு வகைப்படுத்துகிறது, அவ்வகைப்பாடு பிழைபடாமல் இருப்பது ஏன் இன்றியமையாதது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

உப்பின் இடம் எது?

சமையலறையில் பயன்படும் உப்பு, சோடியமும் குளோரினும் சேர்ந்த சேர்மமாகும். வேதியியல் நூல்கள் அதனைக் கனிமச் சேர்மங்களுள் ஒன்றாகக் கூறும். ஆயினும், சுங்கவரி அட்டவணையில் கனிம வேதிப்பொருள்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள 28ஆம் அத்தியாயத்தில் உப்பைத் தேடினால் கிடைக்காது. உப்பு, கந்தகம், மண், கல், சுண்ணாம்பு, சிமெண்டு ஆகியவற்றுக்குரிய 25ஆம் அத்தியாயத்தில், 2501 என்னும் தலைப்பின்கீழ் அது இடம்பெற்றுள்ளது. தூத்துக்குடி உப்பளத்தில் வாரியெடுத்த உப்பும், ஆய்வகப் பயன்பாட்டிற்காக மிகத் தூய்மையாக்கப்பட்ட சோடியம் குளோரைடும், கடல்நீரும்கூட அத்தலைப்பிலேயே அடங்குகின்றன.

அதே சோடியம் குளோரைடு, மருந்தாகப் பயன்படும் வகையில் குப்பிகளில் அடைக்கப்பட்டால் மருந்துப் பொருள்களுக்குரிய 30ஆம் அத்தியாயத்திற்குச் சென்றுவிடுகிறது. ஒவ்வொன்றும் 2.5 கிராமுக்குக் குறையாத எடையுள்ள படிகங்களாகச் செயற்கையாக வளர்க்கப்பட்டால் அதன் தலைப்பு 3824 ஆகும். அப்படிகம் ஒளியியல் கருவிக்குரிய வில்லையாகவோ பட்டகமாகவோ ஆக்கப்பட்டால் 9001 என்னும் தலைப்பில் சேரும். வேதியியல் நோக்கில் இவை அனைத்தும் ஒரே சேர்மம். சுங்கச் சட்டத்தின் நோக்கில் நான்கு வெவ்வேறு பண்டங்கள். இவ்வேறுபாடு ஏன் எழுகிறது என்பதை அறிந்தால் வகைப்பாட்டின் அடிப்படை விளங்கும்.

உல்கு முதல் சுங்கம் வரை

எல்லையைக் கடக்கும் பண்டங்களுக்கு வரி பெறுவது தமிழர்க்குப் புதியதன்று. பழந்தமிழில் இவ்வரி ‘உல்கு’ எனப்பட்டது. அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாகத் திருக்குறள் இதனைக் குறிப்பிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில், கடலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கடலுக்கும் சென்ற பண்டங்களுக்குச் சோழரின் புலி முத்திரை இடப்பட்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்க சோழன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று போற்றப்பட்டான்.

அக்காலத் துறைமுகத்தில் மிளகு, பொன், முத்து, குதிரை முதலான பண்டங்களைக் கண்ணால் கண்டே இன்னதென்று அறிய முடிந்தது. இன்றைய துறைமுகத்தில் வந்திறங்கும் மூட்டையொன்றில் வெண்ணிறத் தூள் இருந்தால், அது சலவைச் சோடாவா, சுண்ணாம்புப் பொருளா, உரமா, வெடிமருந்தின் மூலப்பொருளா என்பதைக் கண்ணால் கண்டு கூற இயலாது. ஆகவே, பெயரைக் காட்டிலும் நுட்பமான ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

உலக நாடுகளுக்குப் பொதுவான முறை

முற்காலத்தில் ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தனித்தனிப் பண்டப் பட்டியலை வைத்திருந்தது. ஒரு நாட்டில் ஒரு பெயரால் ஏற்றுமதியான பொருள், மற்றொரு நாட்டில் வேறொரு பெயரால் இறக்குமதியாயிற்று. இதனால் வரி விதிப்பில் பூசல்கள் எழுந்தன. இரு நாடுகளின் வணிகப் புள்ளிவிவரங்களை ஒப்பிடுவதும் அரிதாயிற்று.

இக்குறையைப் போக்க 1983ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்சில் பன்னாட்டு உடன்படிக்கையொன்று உருவாக்கப்பட்டது. அதன்வழி அமைந்த ‘ஒத்திசைவுப் பெயரீட்டு முறை’ 1988 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிரசெல்சைத் தலைமையிடமாகக் கொண்ட உலகச் சுங்க அமைப்பு இதனைப் பேணி வருகிறது. உலகில் 200க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இம்முறையைப் பயன்படுத்துகின்றன. பன்னாட்டு வணிகத்தில் உலவும் பண்டங்களுள் 98 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை இதன்வழியே வகைப்படுத்தப்படுகின்றன.

இந்தியாவில் சுங்க நடைமுறைகளை 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும், பண்டங்களின் வகைப்பாட்டையும் வரி விகிதங்களையும் 1975ஆம் ஆண்டின் சுங்கவரி அட்டவணைச் சட்டமும் நெறிப்படுத்துகின்றன. அவ்வட்டவணை ஒத்திசைவு முறையைப் பின்பற்றியே அமைந்துள்ளது. கடைகளில் தரப்படும் சரக்கு மற்றும் சேவை வரி ரசீதுகளில் ‘எச்.எஸ்.என் எண்’ என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அந்த எண்ணும் இம்முறையிலிருந்து பெறப்பட்டதேயாகும்.

எண்ணைப் படிக்கும் முறை

இந்தியச் சுங்கவரி அட்டவணையில் ஒரு பண்டம் எட்டு இலக்க எண்ணால் குறிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, சோப்பு, காகிதம், துணி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளில் பயன்படும் எரிசோடாக் கரைசலின் எண் 28151200 ஆகும்.

இதன் முதல் இரண்டு இலக்கங்களான 28, கனிம வேதிப்பொருள்களின் அத்தியாயத்தைக் குறிக்கின்றன. முதல் நான்கு இலக்கங்களான 2815, சோடியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஆகியவற்றையும் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் பெராக்சைடுகளையும் உள்ளடக்கிய ‘தலைப்பு’ ஆகும். முதல் ஆறு இலக்கங்களான 281512, நீர்க்கரைசலாக உள்ள சோடியம் ஹைட்ராக்சைடைக் குறிக்கும் ‘துணைத்தலைப்பு’ ஆகும். அதே பொருள் திண்மமாக இருந்தால் துணைத்தலைப்பு 281511 என்று மாறிவிடும். இந்த ஆறு இலக்கங்கள் இம்முறையைப் பின்பற்றும் நாடுகள் அனைத்திற்கும் பொதுவானவை. இறுதி இரண்டு இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். சென்னையில் கப்பலேறும் எரிசோடாக் கரைசல் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கும்போது, முதல் ஆறு இலக்கங்களைக் கொண்டு அங்குள்ள அலுவலர் அதனை அடையாளம் காண முடியும்.

28ஆம் அத்தியாயத்தின் அமைப்பு

28ஆம் அத்தியாயம் 2801 முதல் 2853 வரையிலான தலைப்புகளைக் கொண்டது. இதன் வரிசை பெரிதும் வேதியியல் பாடத்தின் வரிசையை ஒத்துள்ளது. முதற்கண் குளோரின், அயோடின், ஹைட்ரஜன், பாதரசம் முதலிய தனிமங்கள் வருகின்றன. அவற்றையடுத்துக் கனிம அமிலங்களும் அலோகங்களின் ஆக்சிஜன் சேர்மங்களும் வருகின்றன. மூன்றாவதாக, அலோகங்களின் ஹாலஜன் சேர்மங்களும் கந்தகச் சேர்மங்களும் அமைந்துள்ளன. நான்காவதாகக் காரங்களும் உலோக ஆக்சைடுகளும், ஐந்தாவதாகக் கனிம அமிலங்களின் உப்புகளும் இடம்பெறுகின்றன. எஞ்சியவை ஆறாம் பகுதியில் தொகுக்கப்பட்டுள்ளன.

கந்தக அமிலம் 2807, நைட்ரிக் அமிலம் 2808, அம்மோனியா 2814, கார்பனேட்டுகள் 2836, ஹைட்ரஜன் பெராக்சைடு 2847 என அவை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தனிமங்கள், அமிலங்கள், காரங்கள், உப்புகள் என்னும் பாகுபாட்டை அறிந்த மாணவர், ஒரு சேர்மம் இவ்வத்தியாயத்தின் எப்பகுதியில் இருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். ஆனால், ஒரு பொருள் இவ்வத்தியாயத்திற்குள் வருமா, வராதா என்பதை முடிவு செய்வதே கடினமான பணியாகும்.

தெரிந்து தெளிவோம்

நீருக்குச் சுங்கவரி அட்டவணையில் ஓர் இடம் மட்டும் இல்லை. குடிநீரும் பனிக்கட்டியும் 2201 என்னும் தலைப்பில் வருகின்றன. கடல்நீர் உப்புடன் சேர்ந்து 2501இல் உள்ளது. காய்ச்சி வடித்த நீர் 2853இல் இடம்பெறுகிறது. அணு உலைகளில் பயன்படும் கனநீர், ஐசோடோப்புகளுக்குரிய 2845இல் வைக்கப்பட்டுள்ளது.

முடிவு செய்ய உதவும் வினாக்கள்

ஒரு கனிமப் பொருளை வகைப்படுத்தும் அலுவலர் சில வினாக்களை முறையாக எழுப்ப வேண்டும்.

முதல் வினா: அது தனித்த, வேதியியல் வரையறை உடைய பொருளா? 28ஆம் அத்தியாயம் பொதுவாகத் தனித்த தனிமங்களையும் திட்டமான இயைபுடைய தனித்த சேர்மங்களையுமே ஏற்கிறது. தயாரிப்பின்போது எஞ்சிய மாசுகள் கலந்திருந்தாலும், நீரில் கரைந்திருந்தாலும் அப்பொருள் தன் இடத்தை இழப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு எளிதில் சிதையக்கூடியது. அதனைக் கெடாமல் காக்கச் சிறிதளவு நிலைப்படுத்தி சேர்க்கப்பட்டாலும் அது 2847இலேயே இருக்கும். மாறாக, குறிப்பிட்டதொரு பயனுக்காக இரண்டு மூன்று சேர்மங்கள் வேண்டுமென்றே கலக்கப்பட்டால், அக்கலவை பெரும்பாலும் 38ஆம் அத்தியாயத்திற்குச் சென்றுவிடும்.

இரண்டாம் வினா: அது எவ்வாறு கிடைத்தது? கால்சியம் கார்பனேட்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட சீமைச்சுண்ணாம்பு 2509, பளிங்குக்கல் 2515, சிமெண்டு செய்யப் பயன்படும் சுண்ணாம்புக்கல் 2521 ஆகிய தலைப்புகளைச் சாரும். கழுவுதல், பொடித்தல், சலித்தல் போன்ற இயற்பியல் செயல்களுக்கு உட்பட்ட கனிமங்களும் 25ஆம் அத்தியாயத்தை விட்டு நீங்குவதில்லை. ஆலையில் வேதிவினையின் மூலம் வீழ்படிவாக்கிப் பெறப்பட்ட கால்சியம் கார்பனேட்டோ 283650 என்னும் துணைத்தலைப்பில் வரும். அவ்வீழ்படிவின் துகள்கள்மீது நீர் ஒட்டாதிருக்க ஸ்டியரிக் அமிலம் பூசப்பட்டிருந்தால் அது 3824க்கு உரியதாகும்.

மூன்றாம் வினா: அதன் தூய்மையும் வடிவமும் யாவை? சிலிக்கான் 2804 என்னும் தலைப்பில் உள்ளது. அதில் சிலிக்கானின் அளவு எடையில் 99.99 விழுக்காட்டிற்குக் குறையாதிருந்தால் 280461 என்றும், குறைந்திருந்தால் 280469 என்றும் எண் மாறுகிறது. முன்னது மின்னணுச் சில்லுகளுக்கும் சூரிய மின்கலங்களுக்கும் பயன்படக்கூடியது. பின்னது உலோகக் கலவைகள் செய்யப் பயன்படுவது. தசமப் புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்கள் இங்குப் பண்டத்தின் தன்மையையே மாற்றிவிடுகின்றன. அவ்வாறே, நீரற்ற அம்மோனியா 281410 என்றும், அதன் நீர்க்கரைசல் 281420 என்றும் பிரிக்கப்பட்டுள்ளன.

நான்காம் வினா: சட்டம் அதனை வேறோர் இடத்திற்கு வெளிப்படையாக அனுப்பியுள்ளதா? ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் குறிப்புகள் உள்ளன. சோடியம் குளோரைடும் மக்னீசியம் ஆக்சைடும் எவ்வளவு தூயனவாயினும் 28ஆம் அத்தியாயத்தில் சேரா என்று அதன் குறிப்பு கூறுகிறது. உப்பு 2501இல் இருப்பதற்கு இதுவே காரணம். அலுமினியம் ஆக்சைடால் ஆனவற்றுள் செயற்கைக் குருந்தம் 2818இலும், சாணைக்குப் பயன்படும் இயற்கைக் குருந்தம் 2513இலும், அதே இயைபுடைய மாணிக்கக்கல் 7103இலும் வைக்கப்பட்டுள்ளன.

இவ்வினாக்களுக்கு விடை காணும்போது பின்பற்ற வேண்டிய ஆறு பொது விளக்க விதிகள் அட்டவணையின் தொடக்கத்தில் தரப்பட்டுள்ளன. தலைப்புகளின் சொற்களையும் குறிப்புகளையும் கொண்டே வகைப்பாடு செய்ய வேண்டும் என்பது முதல் விதி. ஒரு பண்டம் இரண்டு தலைப்புகளுக்குப் பொருந்துவதாகத் தோன்றினால், பொதுவான விளக்கத்தைவிடக் குறிப்பான விளக்கமே ஏற்கப்படும். அதனாலும் முடிவு கிட்டாதபோது, கலவைப் பொருளாயின் அதற்கு முதன்மைத் தன்மையைத் தருவது எது என்று நோக்கப்படும். அதுவும் இயலாவிடில், பொருந்தும் தலைப்புகளுள் எண் வரிசையில் இறுதியாக வருவது கொள்ளப்படும். வணிகரின் விருப்பத்திற்கோ அலுவலரின் எண்ணத்திற்கோ இடம் தராமல், எவர் வகைப்படுத்தினாலும் ஒரே விடை கிடைக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் நோக்கமாகும்.

அறிவிப்பும் ஆய்வும்

இந்தியாவில் தான் இறக்குமதி செய்யும் பண்டத்தின் எண்ணை இறக்குமதியாளரே அறிவிக்க வேண்டும். அதற்குரிய வரியையும் அவரே கணக்கிட வேண்டும். இத்தன்மதிப்பீட்டு முறை 2011 முதல் நடைமுறையில் உள்ளது. அவர் அறிவித்ததைச் சரிபார்ப்பது சுங்க அலுவலரின் கடமையாகும். ஐயம் எழும்போது சரக்கிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டுச் சுங்கத்துறை ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகிறது. புது தில்லியில் மத்திய வருவாய்க் கட்டுப்பாட்டு ஆய்வகமும், சென்னை உள்ளிட்ட துறைமுக நகரங்களில் சுங்க ஆய்வகங்களும் இப்பணியைச் செய்கின்றன. இயைபு, தூய்மை, ஈரப்பதம் முதலியவற்றை வேதியியலாளர் கண்டறிகிறார்; அம்முடிவைக் கொண்டு அலுவலர் எண்ணைத் தீர்மானிக்கிறார். இறக்குமதிக்கு முன்னரே எண்ணை உறுதிசெய்துகொள்ள விரும்புவோர் முன்தீர்ப்பு ஆணையத்தை நாடவும் சட்டம் வழிசெய்துள்ளது.

எண் தவறினால் அரசுக்கு வரவேண்டிய வரி குறையலாம்; அல்லது நேர்மையான வணிகர் மிகுதியாகச் செலுத்த நேரலாம். தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டதென மெய்ப்பிக்கப்பட்டால் சரக்கு பறிமுதல் செய்யப்படுவதுடன் தண்டமும் விதிக்கப்படும். ஆனால், இழப்பு பணத்தோடு நின்றுவிடுவதில்லை.

உயிர் காக்கும் வகைப்பாடு

அம்மோனியம் நைட்ரேட் ஒரு கனிம உப்பு. ஆயினும் அது தூயதாயினும் அல்லாததாயினும் உரங்களுக்குரிய 31ஆம் அத்தியாயத்தில், 310230 என்னும் துணைத்தலைப்பில் உள்ளது. பயிருக்கு நைட்ரஜனைத் தரும் அப்பொருளே சுரங்கங்களில் பாறை பிளக்கும் வெடிமருந்தின் மூலப்பொருளுமாகும். எடையில் 45 விழுக்காட்டிற்கும் மேல் அம்மோனியம் நைட்ரேட் உள்ள கலவைகளையும் இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் அம்மோனியம் நைட்ரேட் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றை இறக்குமதி செய்யவும் சேமிக்கவும் உரிமம் பெற வேண்டும்.

2020 ஆகஸ்டு 4 அன்று லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில், பல்லாண்டுகளாகக் கிடங்கில் வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரின் பெரும்பகுதி சிதைந்தது. அச்செய்தி வெளியானதும் சென்னையும் விழித்துக்கொண்டது. 2015இல் சுங்கத்துறையால் கைப்பற்றப்பட்ட ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், மணலிக்கு அருகிலுள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஏலம் விடப்பட்ட அச்சரக்கு 2020 ஆகஸ்டு மாதத்திலேயே அங்கிருந்து ஐதராபாத்திற்கு அனுப்பப்பட்டது. ஒரு சரக்கை இன்னதென்று சரியாக அறிவது எவ்வளவு தேவையோ, அறிந்தபின் உரிய காலத்தில் செயற்படுவதும் அவ்வளவு தேவை என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

பன்னாட்டு உடன்படிக்கைகளும் இவ்வெண்களைத் துணையாகக் கொள்கின்றன. வேதி ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1997இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சில பொருள்கள் அமைதிக்கால ஆலைகளுக்கும் தேவைப்படுகின்றன. பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு பூச்சிக்கொல்லி தயாரிப்பில் பயன்படுகிறது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் செய்யவும் அது பயன்படக்கூடும். ஆகவே, 2017ஆம் ஆண்டின் திருத்தத்தில் அதற்கும், முதல் உலகப்போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட பாஸ்ஜீனுக்கும் தனித்தனித் துணைத்தலைப்புகள் தரப்பட்டன. தனி எண் இருப்பதால் அப்பொருள்கள் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டிற்கு, எவ்வளவு செல்கின்றன என்பதைக் கண்காணிக்க முடிகிறது. மினமாட்டா உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்படும் பாதரசத்திற்கும் 280540 என்னும் தனி எண் உள்ளது.

மாறும் அட்டவணை

புதிய பொருள்கள் தோன்றுகின்றன. பழைய பொருள்களின் பயன்கள் மாறுகின்றன. சில பொருள்களின் தீங்குகள் பின்னரே தெரியவருகின்றன. இவற்றுக்கேற்ப ஒத்திசைவு முறை 2002, 2007, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டுள்ளது. ஆகவே, முன்பு படித்த எண்ணை நினைவிலிருந்து எழுதாமல், நடைமுறையிலுள்ள அட்டவணையைப் பார்த்து உறுதிசெய்வதே முறையாகும்.

துறைமுகத்தில் ஒரு மூட்டையைத் திறந்து சிறிதளவு வெண்தூளை எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்பும் அலுவலரும், அதன் இயைபைக் கண்டு எழுதும் வேதியியலாளரும், உண்மையான விவரத்தை அறிவிக்கும் வணிகரும் ஒரே பணியின் மூன்று பகுதிகளைச் செய்கின்றனர். அம்மூவரும் தத்தம் பணியைச் செவ்வனே செய்யும்போது அரசுக்குரிய வரி அரசைச் சேர்கிறது. உழவருக்குரிய உரம் உழவரைச் சேர்கிறது. கட்டுப்படுத்த வேண்டிய பொருள் தகாதவர் கைக்குச் செல்லாமல் தடுக்கப்படுகிறது. வகுப்பறையில் அமிலம், காரம், உப்பு என்று கற்கும் பாகுபாடு துறைமுகத்தில் இவ்வாறு நாள்தோறும் பயன்பட்டு வருகிறது.